மஞ்சள் பொட்டு வைத்த வால்வு

தசரா முடிந்து ஆட்டோநகர் மறுபடி சத்தம் போடத் தொடங்கிய காலையில் கடை திறக்க வந்தேன். வாசல் கம்பியில் நான் கட்டிக்கொடுத்த ரிலே வால்வு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் நான் வைத்த மஞ்சள் பொட்டு தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருந்தான், கட்டியவன்.

லாரிப் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஆட்டோநகரில் இதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். ஒரு கடையில் செய்த வேலை வழியில் காலை வாரிவிட்டால், லாரிக்காரன் வந்து சண்டை போடமாட்டான். கெட்ட சாமானைக் கொண்டுவந்து அந்தக் கடை வாசலில் தொங்கவிட்டு, எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வான். கடைக்காரன் அதைத் தொடக்கூடாது. கேட்டுக்கொண்டால், எல்லார் முன்னாலும் பிரித்துப் பார்க்க ஒருமுறை இறக்கித் தருவான். தப்பு கடை மேல் இல்லை என்று நிரூபிக்காவிட்டால் அது மறுபடி ஏறும். தொங்கவிட்டவனாகக் கழற்றினால்தான் உண்டு. பக்கத்துக் கடை நாகுல் மீரா லாரியைத் தாங்குகிற ஸ்பிரிங்கான கமான் பட்டை அடிக்கிறவர்; அவர் வாசலில் முறிந்த பட்டை ஒன்று ஒரு மழைக்காலம் முழுக்கத் தொங்கியது. தெருவிலேயே அதற்கு அதிகமாகச் சிரித்தவள் நான்தான். என் வாசலில் அதுவரை எதுவும் தொங்கியதில்லை.

என் பெயர் திருப்பதம்மா. ஏர் பிரேக் வால்வுகளைப் பிரித்துக் கட்டுவது என் தொழில். அப்பா வைத்த கடை. அண்ணனுக்கு அரசியல் பிடித்தது, எனக்கு வால்வு பிடித்தது. அண்ணன் இன்னும் வார்டு மெம்பர்கூட ஆகவில்லை; என் வால்வு நாக்பூர் வரை போய் வருகிறது.

ரிலே வால்வு என்ன செய்கிறதென்று தெரியாமலே ஆயுள் முழுக்க லாரி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். டிரைவர் மிதிக்கிற பெடல் முன்னால் இருக்கிறது. பின் சக்கரங்கள் எங்கோ இருக்கின்றன. பெடலிலிருந்து கிளம்புகிற காற்றே அத்தனை நீளக் குழாயில் ஓடிப்போய்ப் பிரேக் பிடிக்க வேண்டுமென்றால், அதற்குள் குறுக்கே வந்த எருமை செத்துவிடும். கல்யாணப் பந்தியில் கடைசி வரிசைக்குச் சமையற்கட்டிலிருந்தே கரண்டியும் கையுமாகவா ஓடுவார்கள்? விவரமானவன் அங்கேயே ஓர் அண்டாவை வைத்துவிடுவான். இங்கிருந்து குரல் போனால் போதும். பின் அச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற காற்று டேங்க்தான் அண்டா. மெல்லிய குழாயில் பெடல் அனுப்புகிற கொஞ்சம் காற்றுதான் குரல். அதைக் கேட்டு அண்டாவைத் திறந்துவிடுகிற கை, ரிலே வால்வு. குரல் வந்தால் உள்ளே பிஸ்டன் இறங்கும். டேங்க் காற்று பிரேக்குக்குப் பாயும். பெடலை விட்டால் பிஸ்டன் ஏறும். பிடித்திருந்த காற்று முன்னால் திரும்பிப் போகாமல் வால்வின் அடி ஓட்டை வழியாக அங்கேயே வெளியேறும். லாரிக்கு அடியில் நீங்கள் கேட்கிற 'புஸ்' அதுதான்.

அந்த 'புஸ்' குட்டையாக, காய்ந்த குரலில் வர வேண்டும். இழுத்துக்கொண்டு வந்தால் உள்ளே ஏதோ ஒட்டுகிறது. பெடலைத் தொடாதபோதும் ஓட்டையில் காற்று கசிந்தால் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. டீ குடித்துக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் போகிற லாரியின் சத்தத்தை வைத்து அது என் வால்வா இல்லையா என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

என் கடையில் பழைய ரப்பர் ஒன்றுகூட மறுபடி உள்ளே போகாது. இரும்பை மண்ணெண்ணெயில் கழுவிக் காற்றடித்து உலர்த்துவேன். புது ரப்பர் வளையங்களுக்கு அதற்கென்றே இருக்கிற வெள்ளைக் கிரீஸை விரல் நுனியில் தொட்டுத் தடவுவேன். மண்ணெண்ணெய், டீசல், என்ஜின் ஆயில் எதுவும் ரப்பரின் பக்கம் வராது. வந்தால் ரப்பர் ஊதிவிடும். கட்டி முடித்ததும் காற்றேற்றி, அடி ஓட்டையில் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பேன். நுரை அசையாமல் உட்கார்ந்திருந்தால்தான் மஞ்சள் பெயின்டில் பொட்டு. நான் பிரித்துப் பார்த்து, இதற்கு நான் பொறுப்பு என்று சொல்லத் துணிந்ததற்கு மட்டுமே அந்தப் பொட்டு. சொந்தத் தம்பி லாரி வாங்கியபோது, "சும்மா ஒரு பொட்டு வெச்சுக் குடுக்கா" என்று கேட்டான். அவனுக்குக்கூட வைக்கவில்லை.

அந்தப் பொட்டுதான் இப்போது கட்டுக்கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

தொங்கவிட்டவன் அங்கம்மா ராவ். சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவன், நல்ல பையன், அநாவசியமாகப் பேசமாட்டான். தெருவைத் தாண்டிப்போய் என்ன நடந்ததென்று கேட்டேன். உர மூட்டை ஏற்றிக்கொண்டு நந்தியாலுக்குப் போயிருக்கிறான். நல்லமலையில் இறங்கும்போது பிரேக் பிடித்தது, ஆனால் பெடலை விட்ட பிறகும் பின் சக்கரம் விடவில்லை. இறுகிப்பிடித்தபடியே உருண்டு, சக்கரத்துக்குள் இருக்கிற பிரேக் டிரம் காய்ந்து, வளைவில் புகை கிளம்பியிருக்கிறது. டிரம் அப்படிக் கொதித்துவிட்டால் அடுத்த வளைவில் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். மலைப்பக்கம் ஒதுக்கிக் கல் போட்டு நிறுத்திவிட்டு, கிளீனரும் அவனும் சக்கரம் ஆறும்வரை வெயிலில் உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்கியதும் வேறு வால்வு மாட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"அக்கா, உன் பொட்டை நம்பித்தான் மலை இறங்கினேன்," என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அதற்குள் செய்தி தெருக்கோடி வரை போய்விட்டது. வால்வைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் கடை முன் நின்ற இரண்டு டிரைவர்கள், ஏதோ ஞாபகம் வந்தவர்கள் போல நடந்து போய்விட்டார்கள். நாகுல் மீரா தன் பட்டறையிலிருந்து கழுத்தை நீட்டி, "தங்கச்சி, என் பட்டை தொங்கினப்போ நீ விநியோகம் பண்ணின சிரிப்பை வட்டியோட திருப்பித் தரட்டுமா?" என்று கேட்டார். தரச் சொன்னேன், ஆனால் பிரித்துப் பார்த்த பிறகு.

அங்கம்மா ராவ் வால்வை இறக்கிக் கொடுத்தான். பெஞ்சைத் தெருவுக்கு இழுத்துப் போட்டேன். கூட்டம் சேர்ந்தது. முதலில் காற்றைக் கொடுத்து, விட்டுப் பார்த்தேன். 'புஸ்' வரவில்லை, ஆஸ்துமாக்காரன் மூச்சு மாதிரி ஒரு இழுவை வந்தது. பிறகு போல்ட்டைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். கண்ணுக்குத் தெரிவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. பிஸ்டனை வெளியே எடுக்கவே இடுக்கி தேவைப்பட்டது. ரப்பர் வளையம் ஊறிப் பருத்துப் பள்ளத்தை விட்டுப் பிதுங்கி நின்றது. பக்கத்தில் புது வளையத்தை வைத்துக் காட்டினேன். புதியது ஒல்லியாக இருந்தது; இது மாமியார் வீட்டில் விருந்து தின்று வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தது. இந்தத் தடியன் அடைத்துக்கொண்டதால் பிஸ்டன் மேலே ஏறவில்லை, காற்று வெளியேறவில்லை, சக்கரம் விடவில்லை. பார்த்த எல்லாருக்கும் புரிந்தது.

"இது டீசல். என் வால்வுக்குள்ள டீசல் ஊத்தினது யாரு?" என்றேன்.

"நான் எதுக்குக்கா ஊத்தப்போறேன்? வண்டியை யாரும் தொடலையே. பூஜைக்கு வாட்டர் சர்வீஸ் விட்டேன், அவ்ளோதான்."

"எங்க விட்ட?"

அங்கம்மா ராவ் டீ கிளாசுக்குள் பார்த்தான். சாவு வீட்டில்கூட ஜோக்கடிக்கிற நாகுல் மீரா, திடீரென்று தன் கடையில் போல்ட் பொறுக்கப் போய்விட்டார். ஒருத்தரும் தெருக்கோடியைப் பார்க்காமல் நின்றதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. தெருக்கோடியில் இருக்கிற வாட்டர் சர்வீஸ் ஏடுகொண்டலுவுடையது. ஏடுகொண்டலு என் புருஷன்.

சாயந்திரம் பதில் சொல்கிறேன் என்றேன். அங்கம்மா ராவ் சங்கடத்தோடுதான், வால்வைச் சேர்த்துப் பூட்டி மறுபடி கம்பியில் ஏற்றினான். வழக்கம் என்றால் வழக்கம்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் கையால் குளித்த லாரி ஷோரூம் லாரியை வெட்கப்பட வைக்கும். தண்ணீர் அடித்துச் சேறு எடுத்த பிறகு, அடிப்பக்கம் முழுக்க ஸ்ப்ரே துப்பாக்கியில் டீசலைப் பனி மாதிரி அடிப்பார். துரு பிடிக்காது, கறுப்பு மின்னும். தசராவுக்கு முன், வண்டி ஏற்றிக் கழுவுகிற அவர் ராம்ப்புக்கு வரிசை நிற்கும். அங்கே குளித்து, பூவும் குங்குமமும் வாங்கிக்கொண்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினால்தான் பூஜை செய்த மாதிரி என்று நினைக்கிறவர்கள் நிறைய. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஒரு தப்பையும் ஒத்துக்கொண்டதில்லை. குழம்பில் உப்பைக் கொட்டியது அவராக இருந்தால், உப்புதான் சரியில்லை.

நான் போனபோது ராம்ப்புக்கு அடியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அங்கம்மா ராவ் வண்டியில் வால்வின் அடி ஓட்டைக்குள் டீசல் அடித்தாரா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்த அழகைச் சொல்லி முடியாது.

"பார்த்தியா, கண்டுபிடிச்சுட்ட. ரப்பர் மூடியைத் தூக்கிட்டு நாசிலை உள்ள விட்டே அடிச்சேன். வெளிய உன் பொட்டு பளபளன்னு இருந்து உள்ள மண்ணு இருந்தா நல்லாவா இருக்கும்? அம்மவாரு சாமி முன்னாடி நிக்கப்போற வண்டி."

"எல்லா வண்டிக்கும் அப்படியா அடிச்சீங்க?"

"மத்தவன் வால்வுக்கு நான் ஏன் மெனக்கெடணும்? மஞ்சள் பொட்டு இருக்கிறதுக்கு மட்டும்தான்."

இந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறவள் நான். அன்று சத்தம் வரவில்லை. என் மேல் இருக்கிற பெருமையால், ஊரில் இருக்கிற வால்வுகளில் என்னுடையதை மட்டும் தேடித்தேடிக் கெடுத்திருக்கிறார் இந்த மனிதர். வண்டிகள் பண்டிகைக்கு நின்ற நாட்களில் டீசல் நிதானமாக ஊறியிருக்கிறது. டீசல் பட்டால் ரப்பர் என்னவாகும், ரப்பர் ஊதினால் சக்கரம் என்னவாகும் என்று மெதுவாகச் சொன்னேன். நல்லமலையில் புகைந்ததையும் சொன்னேன். அவர் பம்ப்பை நிறுத்தினார். ஒன்றும் பேசவில்லை. நானும் நிற்காமல் திரும்பிவிட்டேன்.

வழி முழுக்கக் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் என் பொட்டு பிழைக்கும், அவர் ராம்ப்பில் ஈ ஆடும். சொல்லாவிட்டால் தலைகீழ். நடுவில் ஒரு வழியும் தெரிந்தது: இந்தத் தடவை வந்த ரப்பர் செட்டே மோசம் என்று சொல்லிவிடலாம். செட்டு செய்கிறவன் எங்கோ வடக்கே இருக்கிறான், வந்து மறுக்கப்போவதில்லை. டீசல் வாசத்தைப் பற்றிக் கேட்டால், காற்று டேங்கிலிருந்து எண்ணெய் கசிந்து வந்திருக்கும் என்று சமாளிக்கலாம். ஆட்டோநகரில் எல்லாரும் எப்போதாவது சொல்லியிருக்கிற பொய்தான். எல்லாரும் தலையாட்டுவார்கள். வால்வு இறங்கும், ராம்ப்பும் ஓடும்.

சாயந்திரம் டீக்கடையில் புனுகுலு போண்டா போட ஆரம்பித்த நேரம் கூட்டம் மறுபடி சேர்ந்தது. அங்கம்மா ராவ் எழுந்து வந்தான். அவன் முகத்தைப் பார்க்காமல், அந்தப் பொய்யைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

கூட்டம் விலகியது. என் வீட்டுக்காரர் நனைந்த லுங்கியோடு வந்துகொண்டிருந்தார். கையில் டீசல் துப்பாக்கி. யாரையும் பார்க்காமல் என் கடைக்குள் போய் ஸ்டூலை எடுத்துவந்து போட்டு ஏறினார். வால்வுக்குப் பக்கத்தில் அந்தத் துப்பாக்கியைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கித் தொங்கவிட்டார். ஆட்டோநகரில் தன் சாமானைத் தானே தொங்கவிட்டவன் அவருக்கு முன்னால் ஒருத்தனும் இல்லை.

"வால்வுல குத்தம் இல்ல. டீசல் அடிச்சது நான்," என்றார் ஸ்டூல் மேல் நின்றபடியே. "உள்ள அடிக்கக்கூடாதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை யார்கிட்டயும் கேக்கல. அது என் தப்பு."

என் தப்பு என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததை நான் கேட்டேன். தெருவே கேட்டது.

நாகுல் மீராவுக்குப் பொறுக்கவில்லை. "என்ன பாவா, வீட்டுச் சண்டையைக் கொண்டுவந்து வாசல்ல தொங்கவிட்டுட்ட?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "அப்புறம் சிரிச்சுக்கலாம் மீரா. நான் அடிச்சுவிட்ட வண்டியெல்லாம் இப்போ ரோட்டுல இருக்கு. எவன் எந்த மலையில இறங்குறானோ தெரியாது. எல்லாரும் போனை எடுங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வழி முழுக்க யார் பெயர் மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இந்த மனிதர் லாரிகளை நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ராம்ப்புக்கு அடியில் அவர் பேசாமல் நின்றது எந்தெந்த வண்டி என்று ஞாபகப்படுத்தத்தான். அவருக்கு நம்பர் ஞாபகமில்லை. அடிப்பக்கம் ஞாபகம் இருந்தது. குண்டூர் மிளகாய் ஏற்றுகிறவன், மூன்றாவது பட்டை புதிது. அரிசி மில்லுக்காரனுடையது, டேங்க்குக்குக் கீழே வெல்டிங் வைத்தது. அவர் சொல்லச்சொல்ல, கூட்டத்தில் யாருக்காவது அந்த டிரைவரைத் தெரிந்திருந்தது. அங்கம்மா ராவ்தான் எல்லாரையும் விட அதிகமாகப் போன் செய்தான். என் பொட்டைப் பார்த்து ஒதுங்கிப் போன இரண்டு டிரைவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஒருவன் வண்டி இழுக்கவில்லையே என்று என்ஜினைத் திட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறான். ஓரங்கட்டி டிரம்மைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு, கை சுட்டுவிட்டது என்றான். பலர் பக்கத்து ஊர்களில்தான் இருந்தார்கள், மெதுவாகத் திரும்பி வந்தார்கள். ஒரு வண்டி மட்டும் மாரேடுமில்லி மலை அடிவாரத்தில், காடு ஏறுவதற்கு முன் சாப்பிட நின்றிருந்தது. சாவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, மறுநாள் நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் செட்டும் வெள்ளைக் கிரீஸும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். வண்டிக்கு அடியில் நான் படுத்து வால்வைக் கழற்ற, அவர் பக்கத்தில் படுத்துக் கொண்டுவந்த துணியை விரித்துப் பிடித்தார், ஒரு தூசி விழாமல். வளையம் ஊதியிருந்ததை அவரிடம் காட்டினேன். நீண்ட நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்து டிரைவரிடம் பெடலை மிதித்து விடச் சொன்னேன். 'புஸ்' வந்தது, குட்டையாக, காய்ந்த குரலில். "இதுதானா அது?" என்று கேட்டார். இதுதான் என்றேன். வருஷக்கணக்காக லாரி கழுவுகிறவர் அன்றுதான் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

ஊருக்குத் திரும்பி, மீதி வால்வுகளையும் பிரித்துக் கட்டிய பிறகு, அங்கம்மா ராவ் ஸ்டூல் போட்டு ஏறித் தன் வால்வைக் கழற்றினான். என் கையில் கொடுத்து, "புதுசா கட்டிக் குடுக்கா, இதையே மாட்டிக்கிறேன்," என்றான். தொங்கின வால்வைத் திரும்ப மாட்டிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்தில் பெரிய மரியாதை. எனக்குக் கண் கலங்கியது. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

துப்பாக்கியையும் கழற்றிவிடச் சொல்லி எல்லாரும் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்கள். மாட்டேன் என்றுவிட்டார். தொங்கவிட்டவன்தான் கழற்ற வேண்டும், அவர் கழற்றப்போவதில்லை, அப்புறம் யார் என்ன செய்வது? கொஞ்ச காலம் ராம்ப்பில் கூட்டம் இல்லை. பிறகு வந்தார்கள். தப்பு நடந்தால் வாயால் சொல்கிறவன் இவன் ஒருத்தன்தான் என்று குண்டூர்க்காரர்கள்கூட வண்டியை இங்கே விட ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் தண்ணீர் அடிப்பதற்கு முன் ஒவ்வொரு வால்வுக்கும் அடியில் பிளாஸ்டிக் பை கட்டி முடிச்சுப் போடுகிறார். என் வால்வு, அடுத்தவன் வால்வு என்று பார்ப்பதில்லை.

அடுத்த தசராவுக்குக் கடையைக் கழுவி, சாமான்களுக்கெல்லாம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். அவர் தேங்காய் வாங்கப் போயிருந்தார். நான் பெயின்ட் டப்பாவைத் திறந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அந்தத் துப்பாக்கிக்கு ஒரு மஞ்சள் பொட்டு வைத்தேன்.